நடுக்கம்பி இல்லாத சைக்கிள்

— அதெல்லாம் எனக்குத் தெரியாது இத்ரூஸ் நானா. இந்த எழவெடுத்த சைக்கிள நீங்களே வச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரரு ஒசரத்துக்கு ஒண்ணு குடுங்க.

— மூச்சு வாங்கு இராக்கம்மா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல ஈந்து பதுளைக் கடைத்தெரு வரைக்கும் இதத் தள்ளிக்கிட்டா வந்தே?

— தள்ளாம, ஏறி ஒக்காந்தா வருவேன்? அந்த மனுசன் முட்டி ரெண்டும் வீங்கி லயத்து வீட்டுல படுத்துக் கெடக்காரு. தப்பால் பைய எடுக்க முடியாட்டி வேற ஆளப் போட்ருவேன்னு பெரிய கிளாக்கரு சொல்லிட்டாரு.

— யா அல்லாஹ்! அழகையாட முட்டியா போச்சு?

— போகாம? ஆளு நெட்டக் கமுகு, சைக்கிளு கைப்புள்ள. ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வந்து ஹேண்டில்ல இடிக்கும். கால அகட்டிக்கிட்டுத் தவக்களையாட்டம் போவாரு. "தப்பால் தொரசாணி வாறாங்கடி"ன்னு கொழுந்து மலையே சிரிக்கும். மணிச் சத்தம் கேட்டாலே நான் மொகத்தத் திருப்பிக்குவேன் நானா. கேக்காத நாள்ல மட்டும் மனசு கெடந்து அடிச்சுக்கும்.

— பொறகு அவன் கேட்டு வந்தப்ப சீட்டத்தான் உச்சிக்கு ஏத்திக் குடுத்தேனே.

— ஏத்தி என்ன பிரயோசனம்?

— நீ செல்றது சரிதான். சீட்ட ஏத்தலாம், எறக்கலாம். பிரேம இழுத்து நீட்டேலாதே! இது கட்டைப் பிரேம். சீட்டும் ஹேண்டிலும் கிட்டக் கிட்ட. நடுக்கம்பியும் இல்ல. கவுன் போட்ட தொரசாணி லேசா ஏறி எறங்கச் செஞ்சது.

— அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா இத அவரு தலையில கட்டுனீங்க?

— நான் எங்க கட்டினேன்? நல்லாக் கேளு. உலகச் சண்ட முடிஞ்ச வருஷம் உங்க தோட்டத்துத் தொரசாணி சீமைக்குப் போகக்குள்ள இது என்ட கடைக்கு வந்திச்சி. பக்கத்துலயே கம்பி வச்ச உசரமான சைக்கிள் ஒண்டு நிண்டிச்சி. உன் புருஷன ஏறச் சென்னேன். கடைத்தெருவ ஒரு சுத்து சுத்தினான். அவனுக்கெண்டே அடிச்ச மாதிரி ஈந்திச்சி. எறங்கி வந்து, "அது வேணாம் நானா, இதக் குடுங்க" எண்டான்.

— கிறுக்கு மனுசன்!

— நானும் அப்பிடித்தான் ஏசினேன். அவன் மடியில ஈந்து ஒரு நூல எடுத்தான், ஒரு எடத்துல முடிச்சுப் போட்டது. "சீட்டுக்கும் பெடலுக்கும் இந்த அளவு வருமா பாருங்க" எண்டான். சீட்டக் கொஞ்சம் எறக்கி வச்சுப் பாத்தேன். அச்சொட்டா வந்திச்சி.

— அதெப்புடி நானா? அவரு கால் நீளத்துக்கு இந்தக் குட்டச் சைக்கிளு எப்புடி வரும்?

— வராதே. அது அவன்ட கால் இல்ல.

— பின்ன யாரு காலு?

— என்ட்டயா கேக்குறே?

— அடப்பாவி மனுசா! அந்த வருசம் நான் காய்ச்சல்ல கெடந்தேன். ஒரு நா மத்தியானம் கண்ணு முழிச்சா, என் குதிகால்கிட்ட நூலப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. மாரியம்மன் கோயில்ல மந்திரிச்ச நூலுன்னு நெனச்சு, படுத்தவாக்குல கையெடுத்துக் கும்பிட்டேன் நானா!

— சேலையோட ஏறுறதுக்கு நடுக்கம்பி ஆகாதாம். மல எறக்கத்துல நீ காத்து வாங்கிக்கிட்டுப் போறத அவன் நிண்டு பாக்கணுமாம். இதச் செல்லச் செல்ல அவன்ட மொகத்துல அப்பிடியொரு சிரிப்பு. உன்ட்ட செல்லலயா?

— கொண்டாந்த அன்னிக்கே, வேலைக்குப் பேர் குடுக்க ஆளுக கூடுற பெரட்டுக் களத்துல நிறுத்தி, "ஏறிப் பாரு புள்ள"ன்னாரு. சுத்தி நின்னவளுக கெக்கெக்கேன்னு சிரிச்சாளுக. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. "தொரசாணி சைக்கிளு எனக்கெதுக்கு, நீயே ஓட்டுய்யா"ன்னு கத்திட்டு லயத்துக்குள்ள ஓடிட்டேன்.

— அதான் ஓட்டியிருக்கான்.

— இன்னொரு தரம் கேட்டா என்னவாம்? முட்டி போற வரைக்குமா ஒரு மனுசன் வாயத் தொறக்காம இருப்பான்?

— அழாத மகள். இந்தா, அழகையாட உசரத்துக்கு நல்ல சைக்கிள் ஒண்டு ஈக்கு. மாத்திக்கிட்டுப் போ.

— அது கெடக்கட்டும் நானா. இந்தச் சீட்ட எறக்குங்க, அந்த முடிச்சு அளவுக்கே. பின்னால கெட்டியா ஒரு கேரியரும் பூட்டுங்க. தப்பால் பைய மடியில வச்சுக்கிட்டு அவரு ஒக்காரட்டும். விழுந்தா ரெண்டு பேரும் சேந்தே விழுறோம்.