வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னார்கள்

"வயித்து வலின்னு சொல்லும்மா. குடின்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

திருவண்ணாமலையில், தொழிலாளர் இன்சூரன்ஸ் மருந்தக வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒரு பெண்ணிடம் சொன்னார். பக்கத்தில் அவள் புருஷன், நடுங்கும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏங்க பொய் சொல்லணும்? மாசாமாசம் அவரு சம்பளத்துல இன்சூரன்ஸுக்குப் புடிக்கிறாங்க இல்ல?" என்றாள் அவள்.

"குடிக்க மாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டிப் பாத்தியா?" என்றார் பெரியவர்.

"கட்டியாச்சுங்க. சாராயக் கடைக்குப் போறப்ப கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போறாரு. சாமிக்குத் தெரியாதாம்."

வரிசையே சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"ஆஸ்பத்திரியில படுக்க வச்சா மில்லுல வேற ஆள எடுத்துடுவாங்க. வந்து மருந்து வாங்கிட்டு வேலைக்குப் போற மாதிரிதான் வேணும்" என்றாள் அவள்.

அவள் முறை வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து கம்பவுண்டர், "என்ன உடம்புக்கு?" என்றார்.

"இவருக்குக் குடிப்பழக்கமுங்க."

"குடிக்கெல்லாம் இங்க மருந்து கிடையாது. அடுத்தது யாரு?"

"அடுத்ததும் நான்தான். எங்க கிடைக்கும்னு டாக்டரக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

கம்பவுண்டர் எங்களைப் பார்த்தார். காய்ச்சலோடு நின்றவர்கள்கூட அவளை விலகச் சொல்லவில்லை. பெரியவர்தான் கத்தினார்:

"போய்க் கேளுய்யா! நாங்க நிக்கிறோம்."