ஆறும் இடது கால்

பில்கிஸ்: … அப்ப அந்த இன்னொரு பாக்கெட்டு?

அமிர்தவள்ளி: அதையும் பாருங்கம்மா. கூச்சப்படாதீங்க.

பில்கிஸ்: எஸ்.ஐ. மேடத்தை நான் சோதனை போட்டேன்னு சொன்னா என் மக முபஷ்ஷிரா நம்பவே மாட்டா… இது இன்னா, பேனா. கர்ச்சீப். இது… கடலை மிட்டாயா?

அமிர்தவள்ளி: காலையில சாப்பிட நேரம் இல்ல. அதை அங்கயே வைங்க.

பில்கிஸ்: வெச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். போலீஸு வந்தா வீட்டுக்காரங்களைத்தானே தடவிப் பாப்பாங்க? நீங்க இன்னா தலைகீழா…

அமிர்தவள்ளி: நாங்களே எதையாவது கொண்டாந்து உள்ள போட்டுட்டு, இங்கதான் கிடைச்சுதுன்னு சொல்லிட்டதா நாளைக்கு பேச்சு வரக் கூடாது. அதுக்குத்தான் முதல்ல எங்களை நீங்க பாக்கறது. கான்ஸ்டபிள் ஹேமந்தை எதிர் வீட்டு பஞ்சாட்சரம் அண்ணன் பாத்துட்டாரு. நீங்க ரெண்டு பேரும் சாட்சி. நான் எங்கெங்க கை வைக்கறேனோ அங்கெல்லாம் உங்க கண்ணு இருக்கணும்.

சூரியபிரகாஷ்: மேடம், ஹேமந்த் சார் எதுக்கு செல்லை தூக்கிப் புடிச்சிட்டே நிக்கறாரு?

அமிர்தவள்ளி: வீடியோ. ஆரம்பத்துலேர்ந்து கையெழுத்து வரைக்கும் எடுத்தாகணும். இப்ப சட்டம் அப்படி.

சூரியபிரகாஷ்: சொல்லியிருந்தா ஒரு நல்ல சட்டையாவது மாட்டிட்டிருப்பேன்.

பில்கிஸ்: இதுவே நல்லாத்தான்டா இருக்குது. பட்டனை மட்டும் போடு.

அமிர்தவள்ளி: சூரியபிரகாஷ், இது கோர்ட்டு வாரண்ட். படிச்சிக்கோ. உன் கம்பெனி சாம்பிள் ரூம்ல ஆறு ஷூ காணோம்னு புகாரு. அந்த ரூம் சாவி மூணு பேர்கிட்ட இருக்குது. அதுல நீ ஒருத்தன்.

சூரியபிரகாஷ்: நான் எடுக்கலை மேடம்.

அமிர்தவள்ளி: அதைத்தான் மூணு தடவை ஸ்டேஷனுக்கு வந்து சொன்னியே. இப்ப வீட்டைப் பாக்கறேன், அவ்வளவுதான்.

பில்கிஸ்: ஆறு ஷூன்னா… மூணு ஜோடியா?

சூரியபிரகாஷ்: இல்லக்கா. ஆறும் இடது கால். வெளிநாட்டு பார்ட்டிக்கு டிசைன் காட்டறதுக்கு ஒரு காலுக்கு மட்டும்தான் பண்ணுவோம். ஆர்டர் வந்தாத்தான் ஜோடி.

பில்கிஸ்: அப்ப அதை எடுத்து எவன் இன்னா பண்ணுவான்…

அமிர்தவள்ளி: வேற கம்பெனிக்காரன் கைக்கு போனா டிசைன் போச்சு, ஆர்டர் போச்சு. மேனேஜர் அதுக்குத்தான் பதர்றாரு. நான் வேற மாதிரியும் யோசிச்சுப் பாத்தேன். ஒத்தை ஷூ யாருக்கு உபயோகப்படும்?

பில்கிஸ்: டீ போடட்டுமா மேடம்? கீழதான் எங்க வீடு. பால் காய்ச்சி வெச்சிருக்கேன்.

அமிர்தவள்ளி: சாட்சி நடுவுல எங்கயும் போகக் கூடாதும்மா.

பில்கிஸ்: ஓஹோ. அப்ப நானும் அரெஸ்ட்டு மாதிரிதான்.

சூரியபிரகாஷ்: மேடம்… நான் அரெஸ்ட்டா?

அமிர்தவள்ளி: உன்னை யாருப்பா அரெஸ்ட் பண்ணாங்க? ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற கேஸுல, தேவை இல்லாம புடிச்சு உள்ள வைக்க முடியாது. நோட்டீஸ் குடுத்தேன், கூப்ட்டப்பல்லாம் வந்த. அப்படியே வந்துட்டிரு, போதும்.

சூரியபிரகாஷ்: குடியாத்தத்துல எங்கம்மாவுக்கு யாரோ போன் போட்டு, பையனை கைவிலங்கு மாட்டி கூட்டிட்டு போய்ட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அது ரெண்டு நாளா சாப்பிடலை.

பில்கிஸ்: நான் பேசிட்டேன்டா. உன் பையன் என் வீட்டுல உக்காந்து பிரியாணி துன்னுட்டிருக்கான்னு சொன்னேன். அப்புறம்தான் சாப்ட்டுது.

அமிர்தவள்ளி: சரி, அலமாரிலேர்ந்து ஆரம்பிக்கறேன். ஹேமந்த், கிட்ட வா.

பில்கிஸ்: நல்லா பாருங்க மேடம். மேல் தட்டு. அதுக்குப் பின்னாடி. அந்த அரிசி டப்பாவுல கை வுட்டுப் பாருங்க.

சூரியபிரகாஷ்: அக்கா, நீங்க எந்த கட்சி?

பில்கிஸ்: ஒண்ணும் இல்லன்னு தெரியும்டா. அதான் தைரியமா சொல்றேன். அந்த பக்கெட்டையும் கவுத்துப் பாருங்க மேடம்.

அமிர்தவள்ளி: பக்கெட்டுல ஊற வெச்ச துணி இருக்குதும்மா.

பில்கிஸ்: எத்தினி நாளா ஊறுதுன்னு அதையும் எழுதுங்க. மேல் வீட்டுலேர்ந்து வர்ற நாத்தம் தாங்கலை.

அமிர்தவள்ளி: கட்டிலுக்கு அடியில ஒரு டப்பா இருக்குதே… ஷூ டப்பா மாதிரி.

சூரியபிரகாஷ்: மேடம், அது… அது வேண்டாம் மேடம்.

அமிர்தவள்ளி: வேண்டாம்னா?

சூரியபிரகாஷ்: அது இந்த கேஸு இல்ல.

அமிர்தவள்ளி: ஹேமந்த், டப்பாவை நல்லா காட்டு. தொறக்கறேன்.

பில்கிஸ்: யா அல்லா… 

அமிர்தவள்ளி: லேடீஸ் சாண்டல். ரோஸ் கலர் வாரு. சின்ன சைஸு. ரெண்டு காலும் இருக்குது.

பில்கிஸ்: டேய் சூர்யா.

சூரியபிரகாஷ்: பில் உள்ளயே இருக்குது மேடம். திருப்பத்தூர் போனப்ப கடையில வாங்கினேன்.

அமிர்தவள்ளி: பில் இருக்குது, சரி. யாருக்கு?

சூரியபிரகாஷ்: சொல்லியே ஆகணுமா?

அமிர்தவள்ளி: கேஸுக்கு தேவையில்ல. சும்மா கேட்டேன்.

பில்கிஸ்: சாட்சிக்கு தேவைப்படுது.

சூரியபிரகாஷ்: … எழிலரசின்னு. செக்கிங் செக்‌ஷன்ல இருக்குது.

பில்கிஸ்: ஆ… நான் அப்பவே நினைச்சேன். ஞாயித்துக்கிழமையில கூட கம்பெனி பக்கம் போறானே, இன்னாடா இவ்ளோ உழைப்புன்னு.

சூரியபிரகாஷ்: மேடம், இது வீடியோல வருமா?

அமிர்தவள்ளி: வரும்.

சூரியபிரகாஷ்: கோர்ட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவாங்களா?

அமிர்தவள்ளி: அவங்க பாக்கறதுக்குள்ள நீ அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு. இதை நான் எடுத்துட்டு போகலை. கேஸுக்கு சம்பந்தம் இல்லாததை எடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. உள்ள வை.

பில்கிஸ்: கட்டிலு ஆச்சு, அலமாரி ஆச்சு, சமையல் மேடை ஆச்சு. அவ்ளோதானே மேடம்?

அமிர்தவள்ளி: இன்னும் ஒண்ணு. ரேகை.

சூரியபிரகாஷ்: அரெஸ்ட் பண்ணாதவங்க ரேகையை எடுக்க முடியாதுன்னு சொன்னாங்களே…

அமிர்தவள்ளி: யாரு சொன்னது?

சூரியபிரகாஷ்: செல்லுல ஒரு வக்கீல் பேசினாரு.

அமிர்தவள்ளி: பாதிதான் கேட்டிருக்க. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டா எடுக்கலாம். உத்தரவு இந்தா. சாம்பிள் ரூம் அலமாரிக் கண்ணாடியில ஒரு ரேகை கிடைச்சிருக்குது. அதோட பொருத்திப் பாக்கணும். வலது கட்டை விரலை இந்த மெஷின் மேல வை.

சூரியபிரகாஷ்: வெச்சுட்டேன்.

அமிர்தவள்ளி: அழுத்தி வை… எடு. திரும்ப வை. என்னடா இது, சிவப்பு லைட்டே எரியுது. கையை துடைச்சிட்டு வை.

சூரியபிரகாஷ்: வராது மேடம்.

அமிர்தவள்ளி: ஏன் வராது?

சூரியபிரகாஷ்: சாம்பிள் ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் பேஸ்டிங்ல, ஷூ தோலை பசை போட்டு ஒட்டற வேலையில இருந்தேன். சொல்யூஷன் ஒட்ட ஒட்ட, தின்னர் போட்டு கையை கழுவணும். கோடெல்லாம் போய்ட்டுது. ரேஷன் கடையிலயும் இதே பேஜாருதான்.

பில்கிஸ்: ஆமா மேடம். மாசா மாசம் ரேஷன் கடைக்காரரு இவன் விரலை மெஷின் மேல வெச்சு, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கடைசில பருப்பு தீந்துப் போய்டும்.

அமிர்தவள்ளி: மையில எடுத்துப் பாக்கறேன். ஹேமந்த், அந்த பேடை குடு… உருட்டு. மெதுவா. ம்… ஒரே கறுப்புத் திட்டா இருக்குது. ஆள்காட்டி விரலை குடு. இதுவும் அப்படித்தான்.

சூரியபிரகாஷ்: இது எனக்கு கெட்டதா மேடம், நல்லதா?

அமிர்தவள்ளி: இரு. கண்ணாடியில கிடைச்ச ரேகையோட போட்டோ செல்லுல இருக்குது… இதைப் பாரு. வளையம் வளையமா, ஒரு கோடு விடாம பளிச்சுனு இருக்குது.

பில்கிஸ்: கோலம் போட்ட மாதிரி இருக்குதே.

அமிர்தவள்ளி: ரேகைப் பிரிவுலதான் முடிவா சொல்லணும். நான் சொல்லக் கூடாது. ஆனா உன் விரலு ஏழு ஜென்மத்துக்கும் இப்படி பதியாது.

பில்கிஸ்: அப்ப இது சொல்யூஷனு, தின்னரு எதையும் தொடாத கை.

சூரியபிரகாஷ்: மூணு சாவியில ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு எங்க சூப்பர்வைசர்கிட்ட, அவரு கையும் என் கை மாதிரிதான். இன்னொண்ணு…

அமிர்தவள்ளி: ஏசி ரூம்ல இருக்குது. தெரியும். அந்த விரலுக்கும் உத்தரவு வாங்கறேன். நீ எதுவும் வெளிய பேசாத.

சூரியபிரகாஷ்: பேச மாட்டேன் மேடம்.

அமிர்தவள்ளி: சரி. மகஜர் எழுதிட்டேன். படிக்கறேன், கேளுங்க. “மேற்படி வீட்டை இரு சாட்சிகள் முன்னிலையில் முழுவதும் சோதனையிட்டதில், வழக்கு சம்பந்தப்பட்ட பொருள் எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கைப்பற்றப்படவில்லை.” பஞ்சாட்சரம் அண்ணே, இங்க போடுங்க. பில்கிஸம்மா, அதுக்குக் கீழ நீங்க.

பில்கிஸ்: இங்கதானே மேடம்…

அமிர்தவள்ளி: ஆமா. பேனா எழுதலையா?

பில்கிஸ்: பேனா எழுதும். எனக்குத்தான் கை வரலை.

சூரியபிரகாஷ்: அக்கா, போட்டுடுங்க.

பில்கிஸ்: நீ சும்மா இருடா. மேடம், நீங்க எழுதினதுல தப்பு இல்ல. இந்த வீட்டுல ஒண்ணும் இல்ல, நானே பாத்தேன். ஆனா சாட்சின்னு கையெழுத்து போட்டுட்டு, தெரிஞ்சதை மறைச்சா அது இன்னா சாட்சி?

சூரியபிரகாஷ்: மேடம், அக்காவுக்கு காலையிலேர்ந்தே பிரஷரு. அவங்க இன்னா பேசறாங்கன்னு…

பில்கிஸ்: எனக்கு பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ எங்க வீட்டுல ஒரு ஷூ இருக்குது மேடம். ஒத்தை ஷூ. இடது கால்.

சூரியபிரகாஷ்: நான்தான் குடுத்தேன் மேடம். ஆனா அந்த ஆறுல ஒண்ணு இல்ல. போன வருஷத்து மாடலு. ஆர்டர் வராத சாம்பிளை வெட்டி குப்பையில போடுவாங்க. அதுல ஒண்ணை வெட்டாம எடுத்தாந்தேன். அக்காவுக்கும் பாய்க்கும் இதுல சம்பந்தம் இல்ல.

பில்கிஸ்: எப்படிடா சம்பந்தம் இல்ல? என் வீட்டுக்காரருக்காகத்தானே எடுத்தாந்த. மேடம், அவரு பேரு ஷபீ அஹமது. சர்க்கரையில வலது காலை எடுத்துட்டாங்க. ஷூ வாங்கப் போனா கடையில ஜோடியாத்தான் தர்றாங்க. ஒண்ணைப் போட்டுக்கிட்டு, இன்னொண்ணை டப்பாவுல வெச்சு மூடறப்பல்லாம் மூஞ்சி சுருங்கிடும். அப்புறம் ஷூவே வேணாம்னுட்டாரு. முபஷ்ஷிரா நிக்காஹ் வந்துது. ரப்பர் செருப்போடயே உக்காந்துடறேன், யாரு கீழ குனிஞ்சு பாக்கப் போறாங்கன்னாரு.

சூரியபிரகாஷ்: எனக்கு கேக்க முடியலை மேடம். அதான் எடுத்தேன்.

பில்கிஸ்: அன்னிக்கு அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு, கட்டையை ஊணிக்கிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வாசல்ல போய் வரவேத்தாரு. நாலு வருஷத்துல அப்படி நிமிந்து நின்னு நான் பாக்கலை. நீங்க இவனை புடிக்கறதா இருந்தா என்னையும் சேத்து எழுதுங்க. ஷூவை எடுத்தாந்து தர்றேன். அவரு வீட்டுல இல்ல, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க, அவருக்கு தெரிய வேணாம்.

அமிர்தவள்ளி: உங்க வீட்டுல ஷூ இல்லம்மா.

பில்கிஸ்: இருக்குது மேடம். பீரோவுல, அவரு ஷெர்வானிக்குக் கீழ வெச்சிருக்கேன்.

அமிர்தவள்ளி: இல்ல. முதல்ல கையெழுத்தை போடுங்க. நான் எழுதினது முழுசும் நிஜம்தான்… ஆங், போதும். ஹேமந்த், வீடியோவை முடிச்சுடு. சூரியபிரகாஷ், இந்த நகல் உனக்கு.

பில்கிஸ்: மேடம், எனக்கு மண்டை காயுது. என் பீரோவுல இல்லன்னு உங்களுக்கு எப்படி தெரியும்?

அமிர்தவள்ளி: உங்க வீட்டுக்காரரு வேலூருக்குப் போகலைம்மா. காலையில ஆட்டோ புடிச்சு நேரா ஸ்டேஷனுக்கு வந்தாரு. ஷூவைக் கழட்டி என் டேபிள் மேல வெச்சாரு. ‘திருட்டு மால் வாங்கினவன் நான், என்னை உள்ள வைங்க, மேல் வீட்டுப் பையனை வுட்டுடுங்க’ன்னாரு. மேனேஜரை வரவழைச்சு காட்டினேன். இது புகார்ல இல்லாத பழைய ஐட்டம், குப்பைக்கு போக வேண்டியது, இதுமேல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லன்னு அவரு கைப்பட எழுதிக் குடுத்துட்டு போய்ட்டாரு. பாய்க்கு குனிய முடியலை. ஷூவை நான்தான் மாட்டி லேஸு கட்டினேன். ‘வீட்டுல கொண்டாந்து வுடறேன்’னேன். ‘பில்கிஸுக்கு தெரிஞ்சா அழுவா, சோதனை முடியற வரைக்கும் சொல்லாதீங்க’ன்னாரு. தெரு முனையில எங்க ஜீப்பு நிக்குது. பின் சீட்டுல, நீங்க மாடியிலேர்ந்து எட்டிப் பாத்துடப் போறீங்கன்னு தலையில துண்டைப் போட்டுக்கிட்டு படுத்திருக்காரு. பாவம், போய் இறக்குங்க.