திறந்த கதவு

லிஃப்டில் ஏறுகிறவர்கள் உள்ளே பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கதவு திறந்தால் காலை வைத்துவிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இத்தனை வருடம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றித்தான் சோறு சாப்பிட்டிருக்கிறேன், ஐயா.

என் தங்கைக்கு முகம் வாய்த்தது, எனக்கு வாய் வாய்த்தது. ஜோடி தேடும் ஆப்பில் படத்தைப் போட்டாளே தவிர, பதில் எழுத அவளுக்குச் சோம்பல். எதையாவது எழுது என்று என் போனிலேயே அவள் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டாள். அப்படித்தான் அவர் வந்தார். மருந்து விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் எழுதுவார். அம்மா இறந்த அன்று அழாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். என்னிடம் சொன்னார்.

பிறகு நேரில் வந்தார். கதவைத் திறந்த என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். தங்கை எதற்கும் "ம்" என்றாள். அவருக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. டீ கொடுக்கும் சாக்கில் அருகே நின்று, அம்மாவைப் பற்றி அவர் சொன்ன அன்று பதிலாக எழுதியதையே வாய்விட்டுச் சொன்னேன்.

"அழாதவங்களுக்குத்தான் அழுகை அதிகம்."

"நல்லா பேசுறீங்கக்கா," என்றார். "ஆனா உங்க தங்கச்சி எழுதுற மாதிரி வராது."

அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. போனில் பழகுவது பொய், நேரில் பார்த்தால்தான் ஆள் தெரியும் என்கிறார்கள். போனில்தான் அவர் என்னைப் பார்த்தார். நேரில் வந்ததும் கண் அவிந்துபோயிற்று. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகும் தங்கை, "இன்னும் கொஞ்ச நாளைக்கு நீயே எழுதுக்கா" என்றாள். உழுகிறவள் நான், அறுக்கிறவள் அவள்.

அவள் ஆபீஸ் இருக்கும் கட்டிடத்தின் லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன். அவளை அழைத்துப் போக வந்தவர் ஐந்தாவது மாடியில் நின்றிருந்தார். கீழே போய்க் காத்திருக்கச் சொல்லி அவள் பெயரில் செய்தி அனுப்பினேன். பின்னாலேயே இன்னொன்று, நீளமானது. நான் எழுதியதிலேயே அழகானது அதுதான். பெட்டியைத் தரைத்தளத்தில் நிறுத்தியிருந்தேன். பெட்டி இல்லாதபோதும் மாடிக் கதவைத் திறக்கும் சாவி எங்களிடம் உண்டு. திறக்கும் முன் தடுப்பு வைக்க வேண்டும், வைக்கவில்லை. கதவு முன்னிருந்த விளக்கையும் கழற்றியிருந்தேன்.

நான் அவரைத் தொடவே இல்லை. அவர் முடிவை அவர் கையிலேயே விட்டிருந்தேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும், விட்டுவிடலாம் என்றுதான் சாவியும் கையுமாகக் கதவோரம் நின்றேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பார்த்தார், ஐயா. சிரித்துக்கொண்டே, "தேங்க்ஸ்க்கா," என்றார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.