ஏணியின் இடம்

சுவரில் ஏணி வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் சார். மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஏணிக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட் வழிந்து வழிந்து, எத்தனையோ தடவை அழித்து வரைந்தேன்.

என் பெயர் பெர்னார்ட். லிங்கராஜபுரத்தில் எங்கள் கம்பெனி கட்டும் அப்பார்ட்மென்டில் ஸ்டோர் கீப்பர். போன வருஷம், 2005-ல், குவாலிட்டி மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் சார் ஜப்பான்காரர்களின் ‘ஃபைவ் எஸ்’ முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததைத் தூக்கிப் போடு. வேண்டியதை அதனதன் இடத்தில் வை. சுவரில் வரைந்த உருவத்துக்குள் அந்தந்தச் சாமான் தொங்க வேண்டும். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மறுபடி ஞானஸ்நானம் வாங்கின மாதிரி இருந்தது.

கம்பெனியின் சந்தாபுரா சைட்டுக்கும் எங்களுக்கும் இதில் போட்டி, ஜெயித்தால் ஷீல்டு. ஷீல்டு மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருந்தேன். அன்று காலை மார்க் போட வந்த சார், சுவரில் வெறும் மஞ்சள் ஏணியைப் பார்த்தார்.

“ஏணி எங்கப்பா?”

“மேல பழனிச்சாமி மேஸ்திரி பூச்சு வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, சார்.”

“அதெல்லாம் தெரியாது. இடத்துல இல்லைன்னா இல்லை. ஷீல்டு சந்தாபுராவுக்கு.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஆணியைக்கூட மெதுவாகத்தான் பிடுங்கினேன்.

மத்தியானம், தரைக்கடியில் கட்டிய புதுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார் வெங்கடகிருஷ்ணன் சார். இரண்டு ஆள் ஆழம். நான்தான் ஏணியை இறக்கிக் கொடுத்தேன். அவர் கீழே போய், டார்ச் அடித்து மூலைமூலையாகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். ஏணி சும்மா நின்றது. எடுத்துப்போய் அதன் இடத்தில் மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. திரும்பி வந்து தொட்டியை மூடினேன். மூடியின் இடமும் அதுதானே.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் கோவிந்தப்பா வந்தார். “உள்ள ஏனோ சத்தம் பர்த்தா இதே, பெர்னார்ட்” என்றார் பாதிக் கன்னடத்தில். உள்ளே ஏதோ சத்தம் வருகிறதாம்.

“புதுத் தொட்டி. அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அப்புறம் தண்ணி லாரி வந்தது. காக்க வைத்திருக்கலாமே என்கிறீர்கள். காத்திருப்பதும் வேஸ்ட் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தது யார், சார்? மூடியிலிருந்த ஓட்டை வழியாக நானே பைப்பை விட்டேன். உள்ளே ஆள் இருப்பது தெரியுமா என்றால், தெரியும். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

தண்ணீர் அவர் மார்புக்கு ஏறும்போது கோவிந்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மூடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். ஆட்கள் ஓடிவந்து கயிறு போட்டுத் தூக்கினார்கள். பாவம், டார்ச்சை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

சாயங்காலம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலுக்கடியில் அவருடைய ஷூ ஒன்று இங்கே, ஒன்று அங்கே கிடந்தது. இரண்டையும் சுவரோரம் நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான். அதற்குப் போய் ஏன் அப்படி அலறினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை, சார்.