மாற்ற முடியாத விலாசம்

பொம்மனஹள்ளியில் ஈர மல்லிகை வாசம் பஸ் ஏறியது. என் கல்யாணக் காலையின் நினைவும் கூடவே ஏறிக்கொண்டது. பூ வைத்தவளும், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"கிரிப்டோவ வட்டிக்காக ஸ்டேக் பண்ணிப் பூட்டி வெச்சிருக்கியே, கல்யாணத்துக்கு அத எடுடா," என்றாள்.

"வெளிய எடுக்க எக்ஸிட் க்யூ இருக்கு. நம்ம நோட்டீஸ் பீரியட் மாதிரி. ரிலீவ் ஆகுறவரைக்கும் என் கம்ப்யூட்டர் வேலை பாக்கணும், இல்லேன்னா பணத்துல வெட்டிடுவான்."

"சரி, க்யூவுல நில்லு."

"நின்னாலும், ஆரம்பத்துல குடுத்த வாலெட் விலாசத்துக்குத்தான் பணம் போகும். அத மாத்தவே முடியாது."

"யாரு வாலெட்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ஷாலினியோடது. அப்போ அவளத்தானே கட்டிக்கறதா இருந்தேன்."

எலெக்ட்ரானிக் சிட்டி வந்தது. அவள் பூவைச் சரிசெய்தபடி எழுந்தாள்.

"அவளுக்கு நானே போய்ப் பத்திரிகை வெக்கிறேன். வந்து மொத்தத்தையும் மொய் எழுதட்டும்."