செவலையின் கடைசி ஈற்று

தரை துடைப்பதில் என் மனைவிக்கு என்றைக்குமே பெரிய அக்கறை கிடையாது. அதனால், நான் எழுவதற்கு முன்பே நாய்க்கூண்டின் தரை பளிச்சென்று இருக்க ஆரம்பித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பெட்டை நாய் செவலை பருவத்துக்கு வந்துவிட்டது. இரத்தத்துளிகள் என் கண்ணில் படாமல் இவள் மறைக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன ஈற்றில் இரண்டாம் முறையாக வயிற்றை அறுத்துத்தான் குட்டிகளை எடுத்தார்கள். கால்நடை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "இன்னொரு தடவ சினையாச்சுன்னா கர்ப்பப்பை தாங்காதுங்க" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அந்த நடையும் தாடையும் இருபது வருடத்தில் வேறெந்த நாய்க்கும் அமையவில்லை. அதுவரை பிறந்த பெண் குட்டிகளோ தகப்பன் சாயலில் இருந்தன.

முதல் நாளை மறைத்தால் என் கணக்கு தப்பும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். கற்றுக்குட்டிகள்தான் நாளை எண்ணுவார்கள். நான் நாயைப் பார்ப்பேன். சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். வீக்கம் இளக வேண்டும். இடுப்பில் கை வைத்தால் வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அது நின்ற அன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஆண் நாயை அவிழ்த்துவிட்டேன்.

சில நாள் கழித்து அவளே கேட்டாள்: "ஏங்க, செவலை இந்தத் தடவ பருவத்துக்கே வரலையா?"

"வயசாகுதில்ல" என்றேன். சிரிப்பை மறைக்க அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

வயிறு தெரிந்ததும் மருத்துவரிடம் காட்டலாம் என்று தொணதொணத்தாள். பொய்ச் சினை என்றேன். சேராமலே வயிறு உப்பும், பாலும் ஊறும். நாய்களுக்கு இது உண்டு, நான் இட்டுக்கட்டியதல்ல. காவல் காத்தவளே அவள்தான் என்பதால் நம்பினாள்.

அறுபத்திரண்டாம் நாள் காலை, மனைவி வேலைக்குப் போனதும் வலி கண்டது. மருத்துவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். வந்தால் தாயைத்தான் முதலில் காப்பாற்றப் பார்ப்பார். அதனால் நானே கத்தியைக் கொதிநீரில் போட்டேன். மயக்க மருந்து என்னிடம் இல்லை. வாயைக் கட்டும்வரை செவலை என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

நான்கில் ஒன்று பிழைத்தது. பெண், அதே தாடை. செத்த பிறகுதான் அறுத்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். "நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன், எப்படிங்க?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. எல்லாம் தன் கவனக்குறைவு என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. ஐந்து நாளாக உங்கள் வார்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடுங்கள் டாக்டர், மனசு லேசாகும். முடிந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள். குட்டிக்கு இரண்டு மணிக்கொரு தடவை பால் புகட்ட வீட்டில் ஆளில்லை.