ஐம்பத்தெட்டு ஹெர்ட்ஸ்

ஊஃபர் பெட்டி செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் பெட்டியைச் செய்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் உள்ளே என்ன வைப்பது என்று யோசிக்கிறார்கள். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற வேலை அது. நான் அப்படிச் செய்யவில்லை. எந்தச் சத்தத்துக்காக இந்தப் பெட்டி வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும்.

நீங்கள் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி இதைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். பாட்டுப் போட்டுக் காட்டினேன், திருப்தி என்றீர்கள். பிறகு முன்பலகையில் இந்தச் சின்னச் சிவப்புப் பல்பு எதற்கு என்று கேட்டீர்கள். கரண்ட் வருவதைக் காட்டுகிற பல்பு என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன ஆட்களில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

தல்லாகுளத்தில் பத்தொன்பது வருஷமாக ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அழகுராஜா என்றால் மைக்செட்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு இங்கே பரவையில். மனைவி பாண்டீஸ்வரி துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஒரே மகள் பவதாரிணி, பிளஸ் ஒன். அப்புறம் எங்கள் அப்பா முத்துக்கருப்பன். இதே பரவை மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர்.

அப்பாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்தது. பேச்சு போனது, வலது கை போனது, கால்களும் போயின. மூன்று மாதத்தில் கால்கள் மட்டும் திரும்ப வந்தன. தொல்லையே அதுதான். திறந்த கதவைக் கண்டால் நடந்துவிடுவார். ஒருநாள் திண்டுக்கல் ரோட்டின் நடுவில் போய் நின்றார். பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் திட்டினார், நியாயமாகத்தான் திட்டினார். அன்றைக்கு அப்பாவைப் பின்னறையில் விட்டு வெளியே நாதாங்கி போட்டேன். பூட்டு இல்லை, நாதாங்கிதான். நீங்களாக இருந்தாலும் போட்டிருப்பீர்கள்.

பேச்சு இல்லாததால் ஒரு ஏற்பாடு செய்தோம். கதவில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் கக்கூஸ். பவதாரிணி அதை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு அவர் பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டார். பத்துத் தட்டுவார், இருபது தட்டுவார், நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவார். திறந்து போய் நின்றால் ஒன்றும் வேண்டாம், வெளியே போக வேண்டும். பிடித்து உட்கார வைக்க அரை மணி நேரம் ஆகும், கடித்தும் விடுவார். தட்டுவதில் அர்த்தம் இல்லை என்று தெரிந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

மூட்டை தூக்கிய கை. இடது கைதான் என்றாலும் உள்ளங்கையை விரித்து வேப்பமரக் கதவில் அடித்தால் சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்காக மூன்று வீடு மாறினோம். நான்காவது இது. பக்கத்துப் பாகத்தில் வீட்டுக்காரம்மா முத்துமீனா இருக்கிறார். நடுவில் ஒரே சுவர். தங்கமான மனுஷி, அதையும் சொல்லிவிட வேண்டும். பங்குனியில் அவருடைய மருமகளுக்குக் குழந்தை பிறந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல. ஐயாவப் பாத்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா எந்நேரமும் கதவ இடிச்சுக்கிட்டே இருந்தா பச்சப்பிள்ள எப்படித் தூங்கும்? தூக்கிவாரிப் போடுதுய்யா அதுக்கு."

"பாத்துக்கிறேன்க்கா."

"நீயும் எம்புட்டு நாளைக்குப் பாப்ப? சித்திர மாசம் முடியட்டும். அதுக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லாட்டி வேற வீடு பாத்துக்க."

தங்கைக்குப் போன் செய்தேன். சோலையம்மாளும் உங்கள் திருமங்கலத்தில்தான் இருக்கிறாள். "அண்ணே, இங்க இருக்கறதே ரெண்டு ரூமு. எங்க மாமியாவ எங்க போடுவேன்?" என்று அழுதாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு முதியோர் இல்லங்களில் கேட்டேன். படுத்த படுக்கை என்றால் சேர்த்துக்கொள்வோம், வாய் பேசாமல் நடமாடுகிற ஆள் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது வீடு தேட எனக்குத் தெம்பு இல்லை. அந்த மாதம் கடையில் உட்கார்ந்துகொண்டே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சால்டரிங் புகை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் தெருவில் பாட்டுச் சத்தத்தைக் குறை சொன்ன ஆள் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா என்று குழாய் கட்டி அலற விடுவார்கள், அதே பச்சைக் குழந்தை அதில் நிம்மதியாகத் தூங்கும். முத்துமீனா அக்காவே சாமிப் பாட்டுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். திடீர் திடீரென்று வருகிற இடிதான் ஆட்களைத் தூக்கிவாரிப் போடுகிறது. விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தால் பழகிவிடுகிறது.

போனில் ஒரு ஆப்பைப் போட்டு அப்பா தட்டும்போது அளந்தேன். கதவின் இடி ஐம்பத்தெட்டு ஹெர்ட்ஸில் நின்றது. அதே சுருதியில் பாட்டு முழங்கினால் இடி அதற்குள் மறைந்துவிடும். சின்ன ஸ்பீக்கர்கள் அந்த அடிச் சத்தத்துக்கு இறங்காது. அதனால் பன்னிரண்டு அங்குல ஊஃபர் இரண்டு வாங்கினேன். பெட்டிக்குப் பதினெட்டு மில்லி பிளைவுட். பெட்டியின் கொள்ளளவையும் பின்னால் இருக்கிற பிவிசி குழாயின் நீளத்தையும் வைத்துத்தான் எந்தச் சுருதியில் அதிகம் முழங்கும் என்பது அமையும். குழாயை அரை அங்குலம் அரை அங்குலமாக அறுத்து, பெட்டி சரியாக ஐம்பத்தெட்டில் முழங்குகிற வரைக்கும் கொண்டுவந்தேன். உள்ளே எதிரொலி அடங்கப் பஞ்சு வைக்க வேண்டும். அப்பாவின் பழைய தலையணை ஒன்று கிடந்தது, அதைப் பிரித்து வைத்தேன். நல்ல இலவம்பஞ்சு.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர் பொருத்தம். கல்யாணப் பொருத்தம் மாதிரிதான், இதில் தப்பினால் ஒன்று ஆம்ப்ளிஃபயர் கருகும், இல்லாவிட்டால் ஊஃபர் முனகிக்கொண்டு கிடக்கும். ஊஃபர் ஒவ்வொன்றுக்கும் எட்டு ஓம் மின்தடை. இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் நான்கு ஓம் ஆகிவிடும், என்னிடம் இருந்த பழைய செட் அதைத் தாங்காமல் கொதித்தது. வரிசையாக இணைத்தால் பதினாறு ஓம், சத்தம் போதவில்லை. கடைசியில் நான்கு ஓம் தாங்குகிற போர்டு ஒன்றை நானே கட்டினேன். எட்டு மணி நேரம் ஓடினாலும் கைவைத்தால் வெதுவெதுப்புதான். தொட்டுப் பாருங்கள்.

இப்போது பல்புக்கு வருகிறேன். முழு நேரமும் உச்சத்தில் வைத்தால் நமக்கே தலை வலிக்கும். அதனால் வாட்ச் அலாரத்திலிருந்து அதிர்வைப் பிடிக்கிற ஒரு சின்னத் தகடு எடுத்துக் கதவில் ஒட்டி, அதன் ஒயரை இதற்குள் கொண்டுவந்தேன். கதவில் தட்டு விழுந்தால் பாட்டு தானாக ஒரு படி ஏறும், நாலு விநாடியில் இறங்கிவிடும். ஒயர் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும் இல்லையா, அதற்காகத்தான் இந்தப் பல்பு. ஒரு தட்டுக்கு ஒரு மினுக்கு. உறுமியும் தவிலும் வருகிற சாமிப் பாட்டாகப் பார்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் முத்துமீனா அக்கா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். "இப்பத்தான்யா வீடு வீடா இருக்கு. ஐயாவும் பாட்டக் கேட்டு அமைதியாயிட்டாரு போல."

"ஆமாக்கா," என்றேன். உள்ளே பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு குறை இருந்தது. மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தெருவே ஊமையாகிவிடும், ஃபேன் ஓடாது, மிக்ஸி ஓடாது, டிவி ஓடாது. கதவை ஒரு தட்டுத் தட்டினால் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். பெட்டி அவசியம் ஓட வேண்டிய நாளே அதுதான். என்னிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் பேட்டரி கிழடு. பின்னறை ஃபேனும் பெட்டியும் சேர்ந்து இழுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஃபேனை அந்த லைனிலிருந்து எடுத்துவிட்டால் நாலு மணி நேரம் வரும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். எடுத்தேன்.

சித்திரை பதினாறாம் தேதி அந்த ஷட்டவுன் வந்தது. அன்றைக்கே தங்கை மகளுக்குக் காதுகுத்து. பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் பாண்டீஸ்வரி தயங்கினாள்.

"மாமாவ ஒத்தையில எப்படிச் சமாளிப்பீக? வெயில் வேற இம்புட்டு அடிக்குது."

"நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க," என்றேன்.

பின்னறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். அப்பா பிடித்துத் தொங்கியதால் ஜன்னலையும் நான் போன மாசியிலேயே பலகை வைத்து அடைத்திருந்தேன். எட்டரைக்கு அப்பாவுக்கு இட்லி ஊட்டினேன், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒன்பதுக்குக் கரண்ட் போனது, பாட்டைப் போட்டேன். முன்னறையில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு அருகிலேயே பெட்டி, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடம்.

பத்தரைக்குப் பல்பு எரிய ஆரம்பித்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் முத்துமீனா அக்கா புழுக்கம் தாங்காமல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தால் அப்பா வாசலுக்கு ஓடி வருவார், முனகுவார், இழுபறி நடக்கும், குழந்தை வீரிடும். சித்திரை முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அக்கா உள்ளே போகட்டும், போனதும் திறப்போம் என்று காத்திருந்தேன்.

அப்பா தட்டினார். பாட்டு ஏறியது. இறங்கியது. மறுபடி தட்டினார். பெட்டி எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அடி தூரத்தில் இருந்த எனக்கே கதவின் சத்தம் கேட்கவில்லை, பல்பு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் காது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்றேகாலுக்குப் பேட்டரி தீர்ந்து பாட்டு நின்றது. போய் நாதாங்கியை எடுத்தேன். கதவு திறக்கவில்லை, அவர் அதன் மேல் சாய்ந்திருந்தார். தள்ளித்தான் உள்ளே போனேன். உடம்பு கொதித்தது, நாக்கு மரத்துண்டு மாதிரி இருந்தது, மூச்சு இல்லை. தெரு டாக்டர் வந்து பார்த்தார். எழுபத்தொரு வயது, ஏற்கெனவே வாதம், சித்திரை வெயில் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். பாட்டுச் சத்தத்தில் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தெருவே எனக்காகப் பேசியது. முத்துமீனா அக்கா என்னைவிட அதிகமாக அழுதார். வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பவதாரிணி மட்டும் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் இந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னைக்கு லைட்டு எரிஞ்சுச்சா?"

"இல்ல பாப்பா. தாத்தா தட்டவே இல்ல."

எழுந்து போய்க் கதவிலிருந்த அட்டையைக் கிழித்தாள். பெட்டியை வித்துருங்க என்றாள். அதற்கு அப்புறம் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். அதனால்தான் இது விலைக்கு வந்தது. ஒயரைக் கழற்றிவிட்டேன், உங்கள் வீட்டில் இந்தப் பல்பு எரியாது.

பெட்டியில் குறை எதுவும் இல்லை. என்மேலும் பெரிதாக இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஆள் இருந்தது, திறக்க முடியவில்லை, அவர் தட்டுவதற்கும் அர்த்தம் கிடையாது. இதைத்தான் பாண்டீஸ்வரியிடமும் சொன்னேன். ஆனால் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது மணி பதினொன்றேகால். பல்பு கடைசியாக எரிந்தது பன்னிரண்டேமுக்காலுக்கு. இடையில் இருந்த ஒன்றரை மணி நேரமும் நான் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணுவதை விட்டுவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு எண்ணினேன். பத்தோ இருபதோ தட்டவில்லை அவர். ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு, கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகத்தான் தட்டினார்.